ஆத்திரமூட்டல்: ஒரு சட்டத் தொடரின் எடையும் வேகமும்

கொலை வழக்கு நடக்கும் எந்த அமர்வு நீதிமன்றத்திலும் ஓர் ஆங்கிலத் தொடர் காதில் விழாமல் இருக்காது: ‘கிரேவ் அண்ட் சடன் புரவொகேஷன்’. சாட்சியைத் தமிழில் குறுக்கு விசாரணை செய்த வழக்கறிஞர்கூட வாதத்தில் இந்த இடம் வந்ததும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். தமிழில் ‘கடுமையான, திடீர் ஆத்திரமூட்டல்’ எனலாம். கொன்றவர் தன் வசத்தில் இல்லை, அவரை அந்த நிலைக்குத் தள்ளியது செத்தவரின் செயல் என்பது இதன் உள்ளடக்கம். இது மெய்ப்பிக்கப்பட்டால் கொலை என்ற குற்றம் ஒரு படி இறங்கி, ‘கொலையாகாத மரணம் விளைவித்தல்’ ஆகும். தூக்குத் தண்டனை என்ற பேச்சே எழாது. ஆயுள் தண்டனை விதிக்க இடம் இருந்தாலும், பத்தாண்டுக்கு மேற்படாத சிறையோடு முடியவும் வழி உண்டு.

ஒரு மனிதரின் மிச்ச வாழ்நாள் தொங்கும் இந்தத் தொடரைத்தான் மனுக்களிலும் தீர்ப்புகளிலும் செய்திகளிலும் நாம் மிகவும் அசட்டையாக எழுதிவருகிறோம். ‘கடுமை’, ‘திடீர்’ என்ற இரண்டு அடைமொழிகளில் இரண்டாவதற்கு அளவுக்கு மீறிய இடம் தந்துவிட்டோம். அதன் விளைவாக, ஆண்டுக்கணக்கில் அடிபட்டவரின் கோபம் சட்டத்தின் கண்ணில் பழிவாங்கலாகவும், நொடியில் கை ஓங்குபவரின் கோபம் மனித இயல்பாகவும் தெரிந்துவந்திருக்கின்றன. இந்தக் கட்டுரை அந்தத் தொடரின் வரலாற்றையும், அது எப்படி எழுதப்பட வேண்டும் என்பதையும் ஒருசேரப் பார்க்கிறது.

தொடரின் வேர் இங்கிலாந்தில். 1707-இல் மாக்ரிட்ஜ் வழக்கில் தலைமை நீதிபதி ஹோல்ட், எந்தெந்தச் சீண்டல்கள் கொலையின் கடுமையைக் குறைக்கும் என்று வகைப்படுத்தினார். மூக்கைப் பிடித்து இழுப்பது, நெற்றியில் சுண்டுவது போன்ற அவமதிப்பான தாக்குதல். நண்பர் தாக்கப்படுவதைக் காண்பது. ஒருவர் சட்டவிரோதமாகப் பிடித்துவைக்கப்படுவதைக் காண்பது. மனைவி பிற ஆணோடு இருப்பதைக் கண்ணால் காண்பது. வெறும் சொல் எவ்வளவு சுடுசொல்லாக இருந்தாலும் போதாது. கடைசி வகைக்கு ஹோல்ட் சொன்ன காரணம் கவனிக்கத் தக்கது. அடுத்தவன் மனைவியை அணுகுவது ஒருவனின் சொத்தின் மீதான மிகப் பெரிய அத்துமீறல் என்றே அவர் கருதினார். கோபத்தின் நியாயம் உடைமையிலிருந்து பிறந்தது. இந்தப் பிறப்பு அடையாளம் பின்னால் நாடு நாடாகக் கூடவே வந்தது.

இந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்தவர் மெக்காலே. 1837-இல் அவர் தலைமையிலான ஆணையம் தந்த வரைவுச் சட்டம் ஆங்கிலேய நீதிமன்றங்களிடமிருந்து ஒரு முக்கியமான இடத்தில் விலகியது. அடியைவிடச் சொல்லும் சைகையும் ஆழமாகக் காயப்படுத்தக்கூடும், ஆகவே அவையும் ஆத்திரமூட்டலாகலாம் என்றது. அதற்குச் சொன்ன உதாரணங்களில், உயர்குடி ராஜபுத்திரன் ஒருவனின் சாதியைக் கெடுப்பதும், மேல்தட்டுப் பெண் செல்லும் மூடுபல்லக்குக்குள் ஒருவன் தலையை நுழைப்பதும் உண்டு. சொல்லுக்கும் இடம் தந்தது நல்ல முன்னேற்றம். ஆனால் சாதி மானமும் குல மானமும் சட்டத்தின் கோபக் கணக்குக்குள் அன்றே நுழைந்துவிட்டன என்பதையும் மறக்கக் கூடாது.

1860-இல் நிறைவேறி 1862-இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 300-ஆவது பிரிவில், முதல் விதிவிலக்காக இது அமர்ந்தது. 1883-ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைக் கோவையில் 294-ஆவது பிரிவிலும் இதே விதிவிலக்கு உண்டு. விதிவிலக்கின் உடம்பை ஒரு முறை பொறுமையாகப் படித்தால், நம் மனுக்களில் பாதி எங்கே தவறுகின்றன என்பது தெரிந்துவிடும். ஆத்திரமூட்டல் கடுமையாக இருக்க வேண்டும். திடீரென்று நிகழ்ந்திருக்க வேண்டும். அதனால் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தன்னைக் கட்டுப்படுத்தும் ஆற்றலை இழந்திருக்க வேண்டும். அந்த ஆற்றல் திரும்பும் முன்பே மரணம் விளைந்திருக்க வேண்டும். செத்தவர் ஆத்திரமூட்டியவராகவே இருக்க வேண்டும். வேறு ஆள் என்றால் அது தவறுதலாகவோ தற்செயலாகவோ நேர்ந்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் விதிவிலக்கு கைகொடுக்காது. ஜனவரி 2025-இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடி நினைவூட்டியது. கட்டுப்பாட்டை இழந்தார் என்று காட்டினால் மட்டும் போதாது, இழக்கவைத்த செயல் கடுமையானதாகவும் திடீரென்றும் இருந்திருக்க வேண்டும் என்றது.

இதற்கு மூன்று வேலிகள் உண்டு. கொல்வதற்குச் சாக்குத் தேடி, தானே வலியப் போய்ச் சீண்டி வாங்கிய ஆத்திரமூட்டல் செல்லாது. சட்டப்படி நடந்த செயலோ, அரசு ஊழியர் தன் அதிகாரத்தைச் சட்டப்படி பயன்படுத்தியதோ ஆத்திரமூட்டலாகாது. தற்காப்பு உரிமையைப் பயன்படுத்தியதும் ஆகாது. சட்டமே தரும் உதாரணங்கள் இவற்றை விளக்குகின்றன. சாட்சிக் கூண்டில் நிற்பவரைப் பார்த்து, “நீ சொல்வதில் ஒரு சொல்லையும் நம்பவில்லை, நீ பொய்ச்சாட்சி சொல்கிறாய்” என்ற பொருளில் நீதித்துறை நடுவர் சொல்ல, அவர் சினந்து நடுவரைக் கொன்றால் அது கொலையே. மூக்கைப் பிடித்து இழுக்க வருபவரை மற்றவர் தற்காப்பாகப் பிடித்து நிறுத்த, இழுக்க வந்தவர் அதனால் வெகுண்டு கொன்றால் அதுவும் கொலையே. 1707-இன் மூக்கு இங்கேயும் வந்துவிட்டது. உதாரணங்களில் மிக நுட்பமானது ஒன்று உண்டு. அடிபட்டுக் கொதித்து நிற்பவரின் கையில், அந்தக் கொதிப்பைப் பயன்படுத்திக்கொள்ளும் எண்ணத்தோடு பக்கத்தில் நிற்பவர் கத்தியைக் கொடுக்கிறார். கொதித்தவர் குத்திவிடுகிறார். குத்தியவருக்கு விதிவிலக்கு உண்டு. கத்தி கொடுத்தவர் கொலைக் குற்றவாளி. அவருக்கு ஆத்திரம் இல்லை, கணக்குத்தான் இருந்தது. ஆத்திரத்தையும் கணக்கையும் பிரித்து எழுதுவது எப்படி என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் சட்டப் புத்தகத்தில் இல்லை.

எழுத்தில் நிகழும் குழப்பங்களில் முதலாவது, இந்த விதிவிலக்கை நான்காம் விதிவிலக்கோடு கலப்பது. நான்காவது, முன்யோசனையின்றித் திடீரென்று மூண்ட சண்டையைப் பற்றியது. அங்கே யார் முதலில் சீண்டினார், யார் முதலில் அடித்தார் என்ற கேள்விக்கே இடமில்லை என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. ஆனால் எதிரி நிலைமையைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டோ கொடூரமாகவோ நடந்திருக்கக் கூடாது. முதல் விதிவிலக்கிலோ சீண்டியவர் யார் என்பதுதான் எல்லாமே. டீக்கடை வாசலில் இருவரும் கைகலந்த வழக்கில் ‘கிரேவ் அண்ட் சடன்’ என்று எழுதுவது, தேவையற்ற ஒரு சுமையை எதிரியின் தலையில் ஏற்றுவதாகும். செத்தவர் என்ன செய்தார் என்று அவர் மெய்ப்பிக்க வேண்டிவரும். இரண்டாவது குழப்பம், தூண்டுகிறவரைத் தண்டிக்கும் பிரிவுகளிலிருந்து வருவது. அமைதி கெடும் என்று தெரிந்தே ஒருவரை இழிவுபடுத்துவது பழைய தண்டனைச் சட்டத்தின் 504-ஆவது பிரிவு. கலவரம் மூளட்டும் என்று வேண்டுமென்றே சீண்டுவது பழைய 153. அங்கே ஆத்திரமூட்டல் குற்றம். இங்கே அது குற்றத்தின் எடையைக் குறைக்கும் காரணம். ஒரே ஆங்கிலச் சொல் இரண்டுக்கும் பயன்படுவதால், ஒரு பிரிவின் தீர்ப்பை மற்றதற்கு மேற்கோள் காட்டும் விபத்து நேர்கிறது.

மெய்ப்பிக்கும் பொறுப்பு எதிரியுடையது. பழைய சாட்சியச் சட்டத்தின் 105-ஆவது பிரிவு, இப்போதைய பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 108-ஆவது பிரிவு, இதைத்தான் சொல்கிறது. அதற்குத் தரப்பட்ட உதாரணங்களில் ஒன்றே கடுமையான, திடீர் ஆத்திரமூட்டல்தான். ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதற்கும் கையில் சரக்கு வேண்டும் அல்லவா? ‘தகாத வார்த்தைகளால் திட்டினார், அதனால் எதிரி ஆத்திரமடைந்தார்’ என்று முதல் தகவல் அறிக்கையிலும் வாக்குமூலத்திலும் எழுதி முடித்துவிடுகிறார்கள். எந்த வார்த்தை? யார் முன்னிலையில்? அதற்கு முன் இருவருக்கும் இடையில் என்ன இருந்தது? ‘தகாத’ என்ற சொல் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. சொன்ன சொல் ஏட்டில் இல்லாதபோது அது கடுமையானதா என்று எந்த நீதிபதியும் எடைபோட முடியாது. அருவருப்பாக இருந்தாலும் அந்தச் சொற்கள் அப்படியே பதிவாக வேண்டும். அருவா வீட்டுக் கூரையில் செருகியிருந்ததா, பட்டறைக்குப் போய் வாங்கிவரப்பட்டதா என்பதும் அவ்வாறே. ஆத்திரத்தின் கதை பெரும்பாலும் ஆயுதத்தின் கதைக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

அதற்குப் புகழ்பெற்ற சான்று நானாவதி வழக்கு. 1959 ஏப்ரல் 27 அன்று கடற்படை அதிகாரி நானாவதியிடம் அவருடைய மனைவி, பிரேம் அகுஜாவோடு தனக்கு இருந்த உறவைச் சொன்னார். நானாவதி மனைவியையும் குழந்தைகளையும் சினிமா தியேட்டரில் கொண்டுபோய் விட்டார். கப்பலுக்குச் சென்று பொய்க் காரணம் சொல்லி ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வாங்கினார். அகுஜாவின் அலுவலகத்தில் தேடினார். பிறகு வீட்டுக்குப் போய்ச் சுட்டார். ஜூரிகள் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றமற்றவர் என்றார்கள். அமர்வு நீதிபதி அதை ஏற்காமல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப, அங்கே அவர் கொலைக் குற்றவாளியானார். 1961 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மதியம் ஒன்றரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பியவர், நாலு இருபதுக்குச் சுடும்வரை செய்த காரியங்கள் ஒவ்வொன்றும் நிதானத்தைக் காட்டின என்றது. பிற்பாடு 1964-இல் ஆளுநர் விஜயலட்சுமி பண்டிட் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

இந்தத் தீர்ப்பிலிருந்து எல்லோரும் எடுத்துக்கொண்டது அந்த மூன்று மணி நேரத்தை மட்டுமே. நீதிபதி சுப்பா ராவ் எழுதியது அதைவிடப் பெரிது. எதிரி எந்தச் சமூகப் பிரிவைச் சேர்ந்தவரோ, அந்தப் பிரிவின் சராசரி மனிதர் அதே நிலையில் கட்டுப்பாட்டை இழந்திருப்பாரா என்பது சோதனை. சொல்லும் சைகையும் ஆத்திரமூட்டலாகலாம். செத்தவரின் முந்தைய செயல்கள் எதிரியின் மனத்தில் உண்டாக்கிய பின்னணியையும் கணக்கில் எடுக்கலாம். சாகடித்த அடி அந்த ஆத்திரத்திலிருந்தே நேராகப் பிறந்திருக்க வேண்டும்; ஆறிப்போய்த் திட்டமிட அவகாசம் கிடைத்த பிறகு அல்ல. மூன்றாவதாகச் சொன்ன மனப் பின்னணிதான் ‘திடீர்’ என்ற பூட்டைத் திறக்கும் சாவி. அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுபவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அந்தச் சாவியைச் சென்னை நெடுநாள் முன்பே வார்த்துவைத்திருந்தது. 1881-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், மனைவியின் உறவை முன்பே கண்ணால் கண்டிருந்த கணவர், பின்னர் அவள் அந்த ஆளோடு சேர்ந்து உண்பதைக் கண்டு கொன்றுவிட்டார். உண்டது மட்டும் பெரிய குற்றமா? முன்பு கண்டதோடு இதைச் சேர்த்துப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. இனி மறைக்கவும் போவதில்லை, என் மனத்தை மதிக்கவும் போவதில்லை என்று அது அவருக்குச் சொன்னது என்று நீதிமன்றம் கண்டது. 1957-இல் மற்றொரு சென்னை வழக்கில், மனைவி கணவரின் முகத்துக்கு நேரே பிற ஆணோடான உறவைத் தொடரப்போவதாகச் சொல்லித் திட்டியதைக் கடுமையான, திடீர் ஆத்திரமூட்டலாக நீதிமன்றம் ஏற்றது. இரண்டு வழக்கையும் நானாவதி தீர்ப்பு எடுத்துப் பேசுகிறது. பழைய வலியும் புதிய செயலும் சேர்ந்தே எடைபோடப்பட வேண்டும் என்பது இங்கே நிலைபெற்ற கொள்கை. ஆனால் கவனியுங்கள்: மூன்று வழக்கிலும் கோபப்பட்டவர் கணவர்.

மனைவியின் முறை வரக் காலம் பிடித்தது. 1989-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் நின்றவர், கணவரின் கொடுமை தாளாமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்து, பிள்ளைகள் சாகத் தான் பிழைத்துக்கொண்ட ஒரு பெண். சட்டப்படி அது கொலை. ஆத்திரமூட்டியவர் கணவர், செத்தவர்கள் பிள்ளைகள். ஆத்திரமும் அன்று மூண்டதல்ல. முதல் விதிவிலக்கின் எழுத்தில் அவருக்கு எங்கேயும் இடம் இல்லை. நீதிமன்றம் அவருக்காக ‘தொடர் ஆத்திரமூட்டல்’ என்ற கருத்தை எடுத்து வளர்த்தது. அர்ச்சுனாபுரத்துக் கிணற்றில் ஏழு பிள்ளைகளை எறிந்து தானும் விழுந்த நல்லதங்காளின் பெயரையே அந்த மனநிலைக்குச் சூட்டியது. தமிழ் நாட்டார் கதையின் பெயர் இந்தியக் குற்றவியல் சட்டத்துக்குள் ஒரு கலைச்சொல்லாக நுழைந்த அரிய நிகழ்வு அது. கதையில் பஞ்சமும் அண்ணி மூளி அலங்காரியின் இரக்கமின்மையும் நாள்பட நாள்படச் சேர்ந்து ஒரு தாயை எங்கே தள்ளின என்பதைக் கேட்டு வளர்ந்த எவருக்கும், கோபத்துக்குக் கடிகாரம் வைத்துப் பார்ப்பது எவ்வளவு போதாது என்று விளக்கத் தேவையில்லை. 2022-இல் சத்தீஸ்கரிலிருந்து வந்த ஒரு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றமும் தொடர் ஆத்திரமூட்டலை எடுத்துக்கொண்டது. பல நாள் செயல்களின் தொடர்ச்சியைப் பார்க்கலாம், ஆயினும் கடைசியாக நடந்தது என்ன என்பதும் கேட்கப்படும் என்று அது எல்லையும் வகுத்தது.

இங்கிலாந்தில் இதே போராட்டம் இன்னும் கசப்பாக நடந்தது. 1949-இல் டஃபி வழக்கில் நீதிபதி டெவ்லின், ஆத்திரமூட்டல் என்றால் தன்னடக்கத்தைத் திடீரென்றும் தற்காலிகமாகவும் இழக்கவைப்பது என்று ஜூரிகளுக்கு விளக்கினார். டஃபி அடிபட்டு வாழ்ந்த ஒரு பெண்; கணவர் படுக்கையில் இருக்கும்போது அவரைத் தாக்கியவர். கொலைத் தீர்ப்பு நிலைத்தது. நாற்பது ஆண்டு கழித்துக் கிரண்ஜித் அலுவாலியா, பத்தாண்டுக் கொடுமைக்குப் பின், 1989-இல் தூங்கிக்கொண்டிருந்த கணவருக்குத் தீ வைத்தார். அவருக்கும் முதலில் கொலைத் தீர்ப்பே. சவுத்ஆல் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற பெண்கள் அமைப்பு அவருக்காகத் தெருவில் இறங்கியது. 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அதற்குக் காரணமாக அது கொண்டது அவருடைய மனநிலை பற்றிய புதிய சாட்சியத்தையே அன்றி, ஆத்திரமூட்டலை அல்ல. ஆனாலும், இடையில் நேரம் கடந்தது என்பதாலேயே ஆத்திரமூட்டல் என்ற வாதம் தானாகச் செத்துவிடாது என்று சொல்லிவைத்தது. ஐஸ்வர்யா ராய் நடித்து 2006-இல் வந்த ‘புரவோக்டு’ படம் அவருடைய கதைதான். தலைப்பே நாம் பேசும் சொல்.

கடைசியில் பிறந்த வீட்டிலேயே தொடர் கைவிடப்பட்டது. 2009-ஆம் ஆண்டுச் சட்டம், 2010 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது, ஆத்திரமூட்டல் என்ற பழைய எதிர்வாதத்தை நீக்கி, ‘கட்டுப்பாட்டை இழத்தல்’ என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. இழப்பு திடீரென்று நேர வேண்டியதில்லை என்று வெளிப்படையாக எழுதியது. வன்முறைக்கு அஞ்சியதையும் காரணமாக ஏற்றது. துணையின் பாலியல் துரோகத்தைத் தனிக் காரணமாகக் கொள்ளக் கூடாது என்றது. ஹோல்ட் சொன்ன உடைமைக் கோபத்துக்கு முந்நூறு ஆண்டு கழித்துக் கதவு சாத்தப்பட்டது. டாஸ்மேனியா 2003-இலும், விக்டோரியா 2005-இலும், நியூசிலாந்து 2009-இலும் இந்த எதிர்வாதத்தையே ஒழித்துவிட்டன. அடியோடு ஒழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கொலைக்கு ஆயுளோ தூக்கோ மட்டுமே உள்ள நம் சட்டத்தில் அப்படி ஒழித்தால், முதலில் நசுங்குவது அந்தக் கிணற்றடித் தாய்தான். இங்கிலாந்து செய்தது போல ‘திடீர்’ என்பதைத் தளர்த்துவதே நமக்குப் பொருந்தும்.

தளர்த்தும்போது மறுபக்கமும் பார்க்க வேண்டும். ‘எதிரியின் சமூகப் பிரிவைச் சேர்ந்த சராசரி மனிதர்’ என்ற சோதனைக்குள் சாதி புகுந்துகொள்ளும் ஆபத்து உண்டு. மகள் வேறு சாதியில் மணந்தாள், எங்கள் பிரிவில் இதைப் பொறுக்க மாட்டார்கள் என்று எழுதினால் அது ஆத்திரமூட்டல் ஆகிவிடுமா? ஆகாது. வயது வந்த பெண் விரும்பியவரை மணப்பது அவளுடைய சட்டபூர்வ உரிமை. லதா சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய கொலைகளில் மானம் ஒன்றும் இல்லை என்றது. 2011-இல் பகவான் தாஸ் வழக்கில், இவை அரிதினும் அரிதான வழக்குகளில் சேரும் என்றது. தமிழில் ‘கௌரவக் கொலை’ என்று எழுதிவந்த நாம் ‘ஆணவக் கொலை’ என்று எழுதத் தொடங்கியது பெரிய நன்மை. ஆனால் அதே செய்திகளில் ‘மகளின் காதலால் ஆத்திரமடைந்த தந்தை’ என்ற வரி இன்னும் வருகிறது. அந்த வரி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் காவல் நிலையத்தில் எதிரி சொன்னதாகச் சொல்லப்படும் வாக்குமூலத்திலிருந்து. செத்தவள் பதில் சொல்ல முடியாது. விசாரணை தொடங்கும் முன்பே செய்தியாளர் அவள்மீது ஆத்திரமூட்டிய பழியைப் போட்டுவிடுகிறார். நானாவதிக்காகப் பம்பாயின் ‘பிளிட்ஸ்’ வார இதழ் வாரந்தோறும் எழுதித்தள்ளியதை நினைத்தால், இந்த வழக்கம் எவ்வளவு பழையது என்று தெரியும். ‘ஆத்திரத்தில் வெட்டினார்’ என்று எழுதும் இடத்தில் ‘வெட்டியதாகக் காவல்துறை கூறுகிறது, காரணமாக எதிரி சொன்னதாகக் கூறப்படுவது இது’ என்று எழுதினால் செய்தி ஒன்றும் குறைந்துவிடாது.

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது இதையெல்லாம் சரிசெய்ய ஒரு வாய்ப்பு இருந்தது. முதல் விதிவிலக்கு 101-ஆவது பிரிவுக்கு இடம் மாறியது. சொற்கள் மாறவில்லை. பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய 497-ஆவது பிரிவை 2018-இல் உச்ச நீதிமன்றமே நீக்கிய பிறகும், மனைவியை உடைமையாகப் பார்த்த கோபத்தை எப்படி எடைபோடுவது என்பது பற்றிப் புதிய சட்டத்தில் ஒரு வரி இல்லை. தொடர் ஆத்திரமூட்டலும் தீர்ப்புகளில் இருக்கிறதே தவிரச் சட்டத்தில் ஏறவில்லை. தண்டனைப் பிரிவான 105-இல் மட்டும் ஒரு மாற்றம் உண்டு: கொல்லும் நோக்கம் இருந்த வழக்குகளில் ஆயுள் தண்டனை இல்லையென்றால் குறைந்தது ஐந்தாண்டுச் சிறை கட்டாயம். நல்லதங்காள் நிலையில் நிற்கும் ஒரு தாய்க்கு, முன்பு நீதிபதி ஓராண்டோ ஈராண்டோ விதித்து அனுப்ப முடிந்தது. இனி முடியாது.

ஆகவே, அமர்வு நீதிமன்றத்தில் அத்தகைய பெண்ணுக்காக எழுதும் வழக்கறிஞர் ‘கிரேவ் அண்ட் சடன்’ என்று இரண்டு சொல்லில் முடித்துக்கொள்ளக் கூடாது. நானாவதி தீர்ப்பின் மனப் பின்னணி பற்றிய பகுதியை முதலில் வைக்க வேண்டும். அடி வாங்கிய நாள்கள், மருத்துவமனைச் சீட்டுகள், பக்கத்து வீட்டார் கேட்ட அலறல், தாய்வீட்டுக்குத் திரும்பி வந்தபோது யார் திருப்பி அனுப்பினார்கள் என்பது வரை ஒவ்வொன்றையும் சாட்சியத்தில் ஏற்ற வேண்டும். அதன் பிறகு கடைசி நாளில் நடந்ததை, அது வெறும் ஒரு சொல்லாக இருந்தாலும், சொன்னவர் வாயிலிருந்து வந்தபடியே எழுத வேண்டும். 1989-ஆம் ஆண்டுச் சென்னைத் தீர்ப்பு அதற்கு மேல் வந்து நிற்கும்.